சுவிட்சின் சின்ன மூளை

நெட்வொர்க் சுவிட்சுக்குள் இரண்டு வேலையாட்கள் உண்டு. ஒன்று, பாக்கெட்டுகளைப் போர்ட் விட்டுப் போர்ட் தள்ளும் சில்லு. நொடிக்குக் கோடிக்கணக்கில் வந்தாலும் அது சளைக்காது. மற்றொன்று பிராசஸர். வழிகளைக் கற்பது, லூப் விழாமல் காப்பது, நிர்வாகி லாகின் செய்தால் பதில் சொல்வது எல்லாம் அதன் தலையில்தான். பலமோ குறைவு. சில்லு அலட்சியமாகக் கடத்திவிடும் வெள்ளத்தில் சிறு பங்கு வந்தாலே பிராசஸர் திணறிவிடும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அந்தப் பிராசஸரின் கதவு திறந்தே கிடந்தது. அன்றைய சுவிட்சுகள் பல, ஒவ்வொரு புதிய தொடர்பின் முதல் பாக்கெட்டையும் அதனிடம் காட்டித்தான் வழி கேட்டன. 2001 ஜூலையில் கோட் ரெட் என்ற கணினிப் புழு கண்ட முகவரிகளை எல்லாம் தட்டிப் பார்த்தது. சுவிட்சுக்கோ எல்லாமே முதல் பாக்கெட்! 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாம்மர் புழு வந்தது. வெறும் 376 பைட். தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. அது தேடியது மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் சர்வர்களை. மூச்சு முட்டியது வழியில் நின்ற சுவிட்சுகளுக்கும். புழுவைத் தடுக்க லாகின் செய்யலாம் என்றால், அந்த லாகினுக்கும் அதே பிராசஸர்தான் பதில் சொல்ல வேண்டும். பக்கத்து சுவிட்சுக்கு 2 நொடிக்கு ஒருமுறை அனுப்ப வேண்டிய, லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ செய்தியும் நின்றுபோனால், அடைத்து வைத்த போர்ட் திறந்து லூப் விழும். அப்புறம் வெள்ளத்தின் மேல் வெள்ளம்.

இன்று அந்தக் கதவில் சில்லே காவல் நிற்கிறது. கண்ட்ரோல் பிளேன் போலீசிங் என்பார்கள். முகவரி விசாரிக்கும் ஏ.ஆர்.பி.க்கு இவ்வளவு, பிங்குக்கு இவ்வளவு, ரவுட்டிங் செய்திக்கு இவ்வளவு என்று வகை பிரித்து அளந்துவிட்டு, மிஞ்சியதைப் பிராசஸரைத் தொடுமுன்பே கொட்டிவிடும். சிஸ்கோ நெக்ஸஸ் போன்றவற்றில் இது பெட்டியோடே வருகிறது. இன்னொரு உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது: பக்கத்து ரவுட்டர் அனுப்பும் பாக்கெட்டின் டி.டி.எல். எண் 255 ஆக இருந்தால்தான் ஏற்பது. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அந்த எண் ஒன்று குறையும் என்பதால், தொலைவிலிருந்து வரும் பொய்யன் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துக்கொள்வான்.

ஆனாலும் காவலுக்கு முகம் தெரியாது. ஒருவன் பொய் ஏ.ஆர்.பி.யைக் கொட்டினால், அந்த வகைக்கான அளவு நிரம்பி, நல்ல ஏ.ஆர்.பி.யும் சேர்ந்தே விழும். அதனால் பயனர் போர்ட்டிலும் தனி வரம்பு வையுங்கள். சுவிட்ச் எத்தனை பாக்கெட்டுகளைக் கொட்டியிருக்கிறது என்ற கணக்கை வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.