ஒவ்வொன்றும் பெட்பெடாவும்

சிவகாசியை அடுத்த பட்டாசுச் சாலை ஒன்றில், ஆடி மாதத்து வெயில் கூரைத் தகட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், சுருட்டி உலர்த்திய காகிதக் குழாய்களை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி, புதிதாக வேலைக்கு வந்திருந்த தன் மருமகளைப் பார்த்து, “ஒவ்வொண்ணா எடுக்காத தாயி, பத்துப் பத்தா எடு” என்றாள். சுற்றியிருந்தவர்கள் யாரும் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை; ஆனால் மொழி நூலார் கடல் கடந்து சென்று ஆராய்கிற விஷயமொன்று அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் அடங்கியிருப்பதைக் கண்டு, நான் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

‘பத்துப் பத்தாக’ என்னும்போது சொல் முழுமையும் இருமுறை வருகிறது. ‘ஒவ்வொன்றாக’ என்னும்போதோ, ‘ஒன்று’ என்பதன் தலையெழுத்து மட்டும் பெயர்ந்து முன்னே வந்து, வகரத்தைத் துணைக்கொண்டு முழுச் சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஒன்பது நீங்கலாக ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்கள் அனைத்துக்கும் இதையே விதியாக வகுத்திருக்கிறார்: முதலில் நிற்கும் எண்ணின் தலையெழுத்து எஞ்ச, ஏனையவை நீங்கும், பின்னே உயிர் வந்தால் வகரமும், மெய் வந்தால் வந்த மெய்யும் மிகும். இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு, எவ்வெட்டு, பப்பத்து என்றெல்லாம் வரும் அந்த அழகிய வரிசையில் இன்று நம் பேச்சில் உயிரோடிருப்பது பெரும்பாலும் ‘ஒவ்வொன்று’ மாத்திரமே. ‘அவ்வாறு’ என்றால் ஆறாறு என்று பொருள்கொள்ள இப்போது யாருக்குத் தோன்றும்?

நம்மிடம் எண்களோடு ஒடுங்கிப்போன இந்த உபாயம் ஒரு பாஷை முழுவதும் பரவி ஆட்சி செய்வதைக் காண வேண்டுமானால், பசிபிக் சமுத்திரத்தின் கீழ்க்கரையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பியூஜெட் உட்கடலைச் சூழ்ந்து வாழ்ந்த பூர்வகுடிகளின் லுஷூட்சீட் மொழிக்குத்தான் போக வேண்டும். சியாட்டில் என்னும் மாநகரின் பெயரே அம்மொழி பேசிய தலைவர் ஒருவருடைய பெயர்தான். அம்மொழியில் ‘பெடா’ என்றால் பிள்ளை. (பகரத்தை ‘கம்பு’ என்பதில் ஒலிப்பது போல ஒலிக்க வேண்டும், இறுதியில் தொண்டைக்குள் சட்டென்று நின்றுவிடும் ஓசையொன்று நம் எழுத்தில் அகப்படாது.) அச்சொல்லின் முன்பகுதியை அடுத்து வரும் மெய்யோடு பெயர்த்து ‘பெட்பெடா’ என்றால் பிள்ளைகள். முதல் மெய்யை மட்டும் பெயர்த்து, அதோடு இகரம் சேர்த்துப் ‘பிபெடா’ என்றால் சிறுபிள்ளை. ‘ஜெஸெட்’ என்பது பாதம், ‘ஜெஸ்ஜெஸெட்’ பாதங்கள், ‘ஜிஜெஸெட்’ சின்னஞ்சிறு பாதம். பெயர்ச்சொற்களோடு இது நின்றுவிடுவதில்லை. ‘டெலாவில்’ என்னும் ஓட்டம் ‘டிடெலாவில்’ என்றானவுடன் மெல்லோட்டமாகிவிடுகிறது. ஒரு சொல் தன்னிலிருந்தே ஒரு துண்டைக் கிள்ளித் தன் தலையில் சூடிக்கொண்டு, பன்மையும் சிறுமையும் ஆகிய அர்த்த பேதங்களை உண்டாக்கிக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அம்மொழியின் மற்றொரு விசேஷம், அன்றாடப் பேச்சில் மகர னகரங்கள் இல்லாமை. அண்டை மொழியாகிய ஹல்கொமேலத்தில் பிள்ளைக்கு ‘மெனெ’ என்று பெயர். அதன் உடன்பிறப்புத்தான் ‘பெடா’. மகரம் பகரமாகவும் னகரம் டகரமாகவும் காலப்போக்கில் திரிந்துவிட்டன. பழங்கதைகளில் வரும் சில பாத்திரங்களின் பேச்சில் மட்டும் மூக்கொலிகள் இன்னும் கேட்கும் என்கிறார்கள்.

பட்டாசு ஊருக்குத் திரும்புவோம். ஓலைவெடி ‘பட்’டென்று வெடித்து ஓய்கிறது, சரவெடி ‘படபட’வென்று வெடித்துக்கொண்டே போகிறது. ஒருமுறைக்கு ஒற்றை, ஓயாமைக்கு இரட்டை என்கிற இலக்கணத்தைத் தெருப்பிள்ளைகள் எந்த வாத்தியாரிடமும் கற்றதில்லை. இத்தகைய இரட்டைக்கிளவி பிரிந்து நின்றால் பொருள் தராது என்பதைத் தொல்காப்பியர் சொல்லியிருக்கிறார். நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதிய மர்ரே எமனோ என்ற அறிஞர், 1969-இல் எழுதிய கட்டுரையொன்றில், இவ்வகை ஒலிக்குறிப்புச் சொற்கள் திராவிட மொழிகளுக்கு மட்டும் உரியவையல்ல, வடமொழி வழிவந்த பாஷைகளையும் தழுவிய இந்தியப் பொதுச்சொத்து என்று காட்டினார். மார்புக்குள்ளே அச்சத்தால் எழுவதற்கும் நாம் ‘படபடப்பு’ என்றே பெயரிட்டிருக்கிறோம்; வெடிமருந்துக் கூடத்துக்கு வேலைக்குப் போனவர் அந்தி சாய்ந்தும் திரும்பாத வீட்டில் அது எப்படிப்பட்ட சொல் என்பதை இந்தச் சீமையில் விளக்க வேண்டியதில்லை.

லுஷூட்சீட்டைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்த கடைசித் தலைமுறையில் ஒருவரான வை ஹில்பர்ட் என்னும் அம்மையார், 1918-இல் பிறந்து 2008-இல் மறைந்தார். தாம் பிள்ளைப் பிராயத்தில் கேட்டு வளர்ந்த பாஷையை எழுதும் முறையை நடுவயதுக்கு மேல்தான் தாமஸ் ஹெஸ் என்ற மொழியறிஞரோடு சேர்ந்து பயின்று, பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அதையே மாணவர்களுக்குக் கற்பித்தார். 1994-இல் வெளியான அகராதியில் அவ்விருவரோடு டான் பேட்ஸ் என்பவருடைய பெயரும் இருக்கிறது. பேசுவோர் அருகிப்போன பின்னும் ‘பெட்பெடா’ என்ற சொல்லை இன்று பள்ளிப் பிள்ளைகள் கற்கிறார்கள் என்றால், அது அப்படிப்பட்டவர்களின் உழைப்பு.

அன்று அந்த மூதாட்டியிடம், “பத்துப் பத்தா என்பதைப் பப்பத்தா என்றும் முன்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள் பாட்டி” என்றேன். கையில் இருந்த குழாய்களைக் கீழே வைக்காமலே அதை இரண்டு தடவை முணுமுணுத்துப் பார்த்தாள்.

“அதென்னய்யா, பச்சப்புள்ள பேசுற மாதிரியில்ல இருக்கு” என்று சொல்லிவிட்டு, அடுத்த பத்தை எடுத்து நூலைச் சுற்றினாள்.