குடவோலையும் ஊர்க் கணக்கும்

தாமல் ஏரியை நம்பிப் பயிரிடும் உழவர்களும், அக்கம்பக்கத்துத் தறிகளை நம்பி வாழும் நெசவாளர்களும் தங்கள் ஊரின் தொன்மையை ஓரளவு அறிவார்கள். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் தாமல் கோட்டமும் ஒன்று. அம்மண்டலத்தின் காலியூர்க் கோட்டத்தில் இருந்த உத்திரமேரூர் தன்னைத் தானே ஆண்டுகொண்ட விதத்தை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். அதில் நம் சங்கங்களுக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் அவ்வூர் மகாசபை செய்த விதிகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளிருப்பதை அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று, சபையறிய வாசித்தான். கைக்குள் வேறு ஓலையை மறைத்துவைக்க இடமில்லை! ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர் எனத் தேர்ந்தார்கள். பதவிக் காலம் 360 நாட்கள்.

இவை பள்ளிப் பாடத்திலும் வருவனவே. ஆனால் நாம் முக்கியமாகக் கருதுவது கணக்கைப் பற்றிய விதிகளை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. ஊர்க் கணக்கை எழுதியவன், தான் எழுதிய கணக்கைத் தானே வந்து காட்ட வேண்டும்; வேறொருவன் அதனை முடித்துவைக்கக் கூடாது.

அந்த ஊராட்சியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். அது அந்தணர் சபை. கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலமும் வேதப் பயிற்சியும் கேட்டது. தறி நெய்தவருக்கும் ஏர் பிடித்த கூலியாளுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை.

இக்குறையை நீக்கும் வழியைக் கூட்டுறவு காட்டிற்று. 1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் ஒரு சிறு பண்டகசாலை தொடங்கினார்கள். அவர்களிற் பலர் நெசவாளர்கள். பங்கு எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்பது அவ்வியக்கத்தின் அடிப்படைக் கொள்கையாயிற்று. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் காஞ்சிபுரத்திலும் கூட்டுறவு நகர வங்கி தோன்றியது.

இவ்வாறு கிடைத்த உரிமையை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? தணிக்கைக்காகச் செல்லும் ஊர்களில் ஒரு காட்சியை அடிக்கடி காண்கிறோம். மகாசபையில் செயலாளர் வரவு செலவு அறிக்கையை எடுத்தவுடனே, "படித்ததாக வைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு குரல் எழும். கைகள் உயரும், தீர்மானம் நிறைவேறிவிடும். நூல் இருப்புக் குறைவும், வசூலாகாத கடனும், உரத்தின் எடை வித்தியாசமும் அந்த ஒரு வாக்கியத்தில் மறைந்துபோகின்றன. ஆண்டுகள் கழித்து வெளிப்படும்போது, நஷ்டம் பங்குத் தொகை கட்டிய ஏழை அங்கத்தினரின் தலையில் விழுகிறது.

ஆகவே, அன்பார்ந்த அங்கத்தினர்களே! அடுத்த மகாசபையில் அறிக்கையை முழுதும் வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காத இனத்தைக் கேளுங்கள். எழுதியவரே எழுந்து விடை கூறட்டும். கணக்குக் கேட்பது யாரையும் சந்தேகிப்பதாகாது. நேர்மையாக உழைக்கும் நிர்வாகிக்கு அதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை.