லேசருக்குப் பிறகு ஒரு கண்ணாடி

மைனஸ் எட்டு. ஒரு வயதுகூட நிறையாத பிள்ளையின் கண் சீட்டில் இந்த எண்ணைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் பகீரென்றிருக்கும். அந்தப் பவர் உள்ள கண்ணுக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாமே கலங்கல்தான். மடியில் கிடக்கும்போது குனிந்து கொஞ்சுகிற முகமும் அதில் அடக்கம்.

குறைமாதத்தில் பிறந்து, விழித்திரை நோய்க்கு லேசர் சிகிச்சை பெற்ற குழந்தைகளிடம் இத்தகைய கடுமையான கிட்டப்பார்வை அபூர்வமல்ல. மருத்துவர்கள் ஆர்.ஓ.பி. என்று சுருக்கிச் சொல்லும் நோய் அது. விழித்திரையின் ரத்த நாளங்கள் கருவின் 16-வது வாரவாக்கில் வளரத் தொடங்கி, பிரசவ காலம் நெருங்கும்போதுதான் ஓரம்வரை போய்ச் சேரும். முன்கூட்டியே பிறந்துவிட்டால் அந்த வளர்ச்சி பாதியில் தடைபடுகிறது. நாளம் எட்டாத பகுதி ஆக்சிஜனுக்குத் தவித்து வேதிச் சமிக்ஞை அனுப்ப, தாறுமாறாகப் புது நாளங்கள் கிளம்புகின்றன. முற்றினால் அவை விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். நாளமில்லாத பகுதியை லேசரால் சுட்டு அந்தச் சமிக்ஞையை அடக்குவதுதான் சிகிச்சை. நோய் சிகிச்சை தேவைப்படும் கட்டத்தை எட்டியது தெரிந்தால் இரண்டு மூன்று நாட்களுக்குள் செய்தாக வேண்டும்.

தவறவிட்டால் என்ன ஆகும்? 1996-ல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை, கண் பரிசோதனை செய்யப்படாததால் பார்வையை முற்றாக இழந்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கோடியே எண்பது லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இந்த இருட்டோடு ஒப்பிட்டால் மைனஸ் எட்டு பெரிய வரம். ஆனால் அந்த வரம் கண்ணாடி போட்டால்தான் பலிக்கும்.

வழக்கமான கிட்டப்பார்வையில் விழிக்கோளம் நீண்டுவிடுகிறது. இந்தக் குழந்தைகளுக்கோ பெரும்பாலும் கண் நீள்வதில்லை; முன்பகுதி சரியாக வளராமல் கருவிழி அதிகம் வளைந்தும், உள்ளிருக்கும் லென்ஸ் தடித்தும் நிற்கின்றன. பழி முழுவதையும் லேசர் மேல் போடுவது நியாயமல்ல. கடுமையான நோய்க்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் லேசரின் பங்கு சிறிதல்ல என்பதை அமெரிக்காவில் நடந்த பீட்-ஆர்.ஓ.பி. ஆய்வு காட்டியது. நோய் விழித்திரையின் நடுவட்டத்திலேயே இருந்த கண்களில், இரண்டரை வயதில் லேசர் பெற்றவற்றின் சராசரி பவர் மைனஸ் 8.44. லேசருக்குப் பதில் பெவாசிசுமாப் என்ற மருந்தை ஊசியாகப் பெற்றவற்றுக்கு மைனஸ் 1.51 மட்டுமே.

அப்படியானால் எல்லோருக்கும் ஊசியே போட்டுவிடலாமே என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. ஊசி போட்ட கண்ணில் வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்தும் நோய் திரும்பலாம். பல மாதங்கள் விடாமல் பரிசோதனைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். பஸ் மாறி மாறி, ஒரு நாள் கூலியை இழந்து வரும் குடும்பத்துக்கு அது எளிதா? அவர்களுக்குப் பல நேரங்களில் லேசர்தான் பத்திரம்.

பேசாத குழந்தைக்குப் பவர் எப்படிப் பார்ப்பது என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு, ரெட்டினோஸ்கோப் ஒளியைக் கண்ணில் அசைத்து, லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பிடித்தே அளந்துவிடுவார்கள். ஒரு வயதுக்குள் மைனஸ் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் பொதுவாகக் கண்ணாடி எழுதிக் கொடுப்பார்கள். இரு கண்களின் பவருக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் இன்னும் அவசரம்: மங்கலான பிம்பத்தை மூளை ஒதுக்கப் பழகி, அந்தக் கண் 'சோம்பேறிக் கண்' ஆகிவிடும். பிற்பாடு எந்தக் கண்ணாடியாலும் அதை முழுதாக மீட்பது கடினம்.

தடை பெரும்பாலும் வீட்டில்தான். “பச்சைப் பிள்ளைக்குப் போய் சோடாபுட்டியா, வளர்ந்ததும் பார்த்துக்கலாம்” என்று பெரியவர்கள் சொல்வது பாசத்தில்தான். ஆனால் பார்வை பழகும் பருவம் அதுவரை காத்திருக்காது. தலையைச் சுற்றி எலாஸ்டிக் பட்டை போட்ட, வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் பிரேம்கள் கிடைக்கின்றன. முதல் சில நாள் பிடுங்கி எறிந்தாலும், பால் குடிக்கும்போதும் விளையாடும்போதும் விடாமல் மாட்டிவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் பழகிவிடுகின்றன. முகமும் பவரும் மாறிக்கொண்டே இருக்கும் வயது என்பதால், முதல் சில ஆண்டுகளுக்குச் சில மாதங்களுக்கொரு முறை மறுபடி அளந்து லென்ஸை மாற்ற வேண்டியிருக்கும்.