கொட்டியாரக் கரையோர வேடரும் காணியுரிமையும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால் விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை கடலொடு கலக்குமிடமும் அதுவே. இக்குடாவின் தென்கரையில், மூதூர்க் கிழக்கிலிருந்து ஈச்சிலம்பற்று, வெருகல் வரையிலான கடலோரத்தையும் களப்பையும் காட்டையும் வாழ்விடமாகக் கொண்ட மக்களுள் கரையோர வேடரும் அடங்குவர். வேடர் என்றதும் தம்பானைக் காடும், தோளிற் கோடரி தாங்கிய முதியவருமே நம் நினைவுக்கு வருவர். தமிழ் பேசித் தமிழ்ப் பெயர் தாங்கி நம் அயலிலே வாழும் வேடரை நாம் அவ்வாறு நினைப்பதில்லை. அவர்தம் காணிப் பிரச்சினைக்கு இம்மறதியும் ஒரு காரணம் என்பதை இக்கட்டுரையிற் காட்ட முயல்வோம்.

செலிக்மன் தம்பதியர் 1911 ஆம் ஆண்டில் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலே கரையோர வேடரும் தனியாக ஆராயப்பட்டுள்ளனர். மீன்பிடித்தும் சேனை வெட்டியும் வாழ்ந்த இவர்கள், தமிழரொடு மணவுறவு பூண்டு, தமிழையே வழங்கினர் என்பது அந்நூலாற் புலனாகும். கப்பலில் வந்தனவாகக் கருதப்படும் தெய்வங்களுக்கு இவர்கள் சடங்கியற்றும் வழக்கமும் அதிற் பதிவாகியுள்ளது. காட்டில் தேனும் கிழங்கும், களப்பில் மீனும் இறாலும், இடையிடையே சேனையும் என அமைந்த வாழ்வில் காடும் கடலும் ஒரே நிலமாகவே கருதப்பட்டன.

1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே இலங்கை முழுவதிலும் 5,332 வேடர் கணிக்கப்பட்டனர். 1963 இல் அத்தொகை 400 ஆகக் குறைந்தது. இடைப்பட்ட காலத்தில் அம்மக்கள் மாண்டொழிந்தனர் என்று கொள்ளுதல் தவறாகும். பலர் சிங்களவராகவோ தமிழராகவோ பதியப்பட்டனர். வேடர் என்ற பெயர் இழிவாகக் கொள்ளப்பட்ட சூழலில், அப்பெயரைத் தாமே மறைத்தோரும் உளர். பெயர் மறையவே, அப்பெயரால் கோரக்கூடிய உரிமையும் மறைந்தது.

இனி, காணி எவ்வாறு கைநழுவியது என்பதை நோக்குவோம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடுகளையும் பயிரிடப்படாத வெற்றுக் காணிகளையும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவாக அனுமானித்தது. சேனைப் பயிர்ச்செய்கையின் இயல்பை அறிந்தோர்க்கு இதன் விளைவு எளிதில் விளங்கும். ஓரிரு போகம் விளைவித்தபின் நிலத்தைப் பல்லாண்டு தரிசாக விட்டு, காடு மீண்டும் வளர்ந்தபின் அங்கே திரும்புவதே சேனை முறை. வேடனுக்கு அது ஓய்வெடுக்கும் நிலம். சட்டத்துக்கோ உரியவனற்ற காடு. 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம், பத்தாண்டுத் தடையற்ற ஆட்சியால் உரிமை எய்த வழிவகுத்ததாயினும், அது அரச காணிக்குச் செல்லாது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திர முறையைக் கொணர்ந்தது. ஓரிடத்தே நிலைத்துப் பயிரிடும் உழவனுக்குப் பொருந்திய அம்முறை, இடம்மாறிப் பயிரிட்டவனுக்குப் பொருந்தவில்லை.

போர்க்காலம் இந்நிலையை மேலும் கடுமையாக்கிற்று. 2006 இல் மூதூர்க் கிழக்கு, ஈச்சிலம்பற்று மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். 2007 இல் சம்பூர்ப் பகுதி உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. நெடுங்காலம் முகாம்களில் வாழ்ந்து போராடிய சம்பூர் மக்களுக்கு 2015, 2016 ஆம் ஆண்டுகளிலே காணிகள் மீள அளிக்கப்பட்டன. அங்கு அமையவிருந்த நிலக்கரி மின்னிலையமும் 2016 இல் கைவிடப்பட்டது. இத்தகைய போராட்டங்களில் உறுதியும் அனுமதிப்பத்திரமும் பெருந்துணையாவன. ஆனால் தேனெடுத்த காட்டுக்கும் தரிசாகக் கிடந்த சேனைக்கும் உறுதி ஏது? 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், போரினால் காணிக்குச் செல்லமுடியாதிருந்தோருக்கெதிராகக் காலாவதி ஓடாது எனப் பாதுகாப்பளித்தது. தனியார் காணிக்குப் பயன்தரும் இவ்வேற்பாட்டினால், அரசினது எனக் கொள்ளப்பட்ட நிலத்தில் வாழ்ந்தோர்க்கு விமோசனமில்லை.

உள்நாட்டு வேடரின் அனுபவமும் இதற்கு அயலானதன்று. 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது, தம்பானை வேடர் தம் வேட்டைக் காட்டை இழந்தனர். அவர்தம் முறையீடு பின்னர் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் அவைவரை சென்றது. கரையோர வேடரின் குரலோ மாவட்ட எல்லையைக் கடப்பதும் அரிதாயிற்று.

தமிழ் பேசுவோரும் கலப்புற்றோருமாகிய இவர்களை ஆதிக்குடிகள் எனல் தகுமா என்று வினவுவோர் உளர். சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் 1989 ஆம் ஆண்டு 169 ஆம் இலக்கச் சமவாயம், ஒரு குழுவினர் தம்மை எவ்வாறு கருதுகின்றனர் என்பதையே அடிப்படை அளவுகோலாகக் கொள்கின்றது. இடம்மாறிப் பயிரிடுவோரின் நிலவுரிமைக்குத் தனிக்கவனம் வேண்டுமென்றும் அது கூறுகின்றது. இலங்கை அதனை ஏற்றுறுதி செய்யவில்லை. எனினும், 2007 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஆதிக்குடிகளின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது இலங்கை ஆதரவாக வாக்களித்தது. அதன் 3 ஆம் உறுப்புரை சுயநிர்ணயத்தையும், 26 ஆம் உறுப்புரை மரபுவழி நிலவுரிமையையும் கூறுவன. இந்தியாவின் 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள், முதியோரின் வாய்மொழியை எழுத்திற் பதிந்து சான்றாகக் கொள்ள இடமளிக்கின்றன. எழுத்தாவணமற்ற கொட்டியார வேடர்க்கு இத்தகைய விதியே முதற்றேவை எனலாம்.

ஈண்டுச் சுயநிர்ணயம் என்பது தனியரசு அன்று. எந்தக் காடு ஒதுக்கப்படும், எந்தக் களப்பு அடைக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் அவையில் தமக்கும் ஓரிடம் வேண்டும் என்பதே அதன் பொருள். மொழியுரிமைக்கும் நிலவுரிமைக்கும் குரல்கொடுத்து வந்தோர் நாம். நம்மொழி பேசுகின்றனர் என்பதனாலேயே இம்மக்களின் தனித்துவத்தை நாம் மறுப்போமாயின், பிறர்பால் நாம் கண்ட குற்றம் நம்பாலும் உளதாகும். அவர்தம் முதியோர் வாயிலாகக் காட்டின் பெயர்களையும், சேனையின் எல்லைகளையும், சடங்கு நிகழ்ந்த இடங்களையும் பதிந்துவைத்தல் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் இன்றே தொடங்கத்தக்க பணியாகும். அறிந்தோர் மறையுமுன் அது நிகழ்தல் வேண்டும்.