சூதில் போன வங்கிப் பணத்துக்கு யார் பொறுப்பு?

ஆன்லைன் சூதில் பட்ட கடன் செல்லாது, ஆகவே வங்கிக்கும் கட்ட வேண்டியதில்லை என்று நம் சின்னசேலம் கடைவீதியில் சிலர் நினைக்கின்றனர். இது தவறு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 30-ஆம் பிரிவின்படி, பந்தயத்தில் ஜெயித்த பணத்தை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. ஆனால் வங்கி பந்தயம் கட்டவில்லை; கடன் கொடுத்தது. ஓ.டி., கிரெடிட் கார்டு பாக்கியை வட்டியுடன் நாம்தான் கட்ட வேண்டும்.

சூதுக்குப் பணம் அனுப்ப வங்கிகள் துணைபோகக் கூடாது என்று 2022-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும், 2025-ஆம் ஆண்டு மத்திய சட்டமும் கூறுகின்றன. ஆடியவரின் கடனைத் தள்ளுபடி செய்ய இரண்டிலும் இடமில்லை.

கடைக் கணக்கின் பின் நம்பரை நாமே பிறரிடம் சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போகும் பணம் நம் நட்டமே என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதித்தது. ஆகவே அந்த நம்பர் நம்மிடமே இருக்கட்டும்.