சுகர் ஃப்ரீ என்றால் எது இல்லை?

பாக்கெட்டில் 'சுகர் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் பிஸ்கட்டை நாலு கூடுதலாக எடுக்கக் கை நீளும். அந்தச் சொல் அதற்கெல்லாம் பொறுப்பேற்பதில்லை.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' தனியாக வந்தால் இலவசம் அல்லது சுதந்திரம். ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் சிறுகோட்டோடு ஒட்டி வந்தால் 'அது இல்லாத' என்று பொருள். விமான நிலையத்து 'டியூட்டி ஃப்ரீ' கடையில் வரிதான் கிடையாது. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். முன்பின் மாறினால் சங்கதியே வேறு. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் குறைக்கச் சொன்ன 'ஃப்ரீ சுகர்', உணவில் சேர்க்கும் சர்க்கரையையும் தேன், பழச்சாறு போன்றவற்றில் இயல்பாகவே இருக்கும் சர்க்கரையையும் குறிக்கும்.

சரி, 'இல்லாத' என்றால் துளிகூட இல்லையா? அப்படியும் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிப்படி, 100 கிராம் பண்டத்தில் சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டாவிட்டால் 'சுகர் ஃப்ரீ' என்று போட்டுக்கொள்ளலாம். இந்த வரம்பில் எனக்குக் குறையில்லை. அரை கிராம் யாரையும் ஒன்றும் செய்துவிடாது.

கவனிக்க வேண்டியது வேறு. 'ஃப்ரீ' தனக்கு முன்னால் நிற்கும் சொல்லுக்கு மட்டுமே பதில் சொல்லும். சர்க்கரை இல்லை, அவ்வளவுதான். மைதா இல்லை என்றோ கொழுப்பு இல்லை என்றோ அது சொல்லவில்லை. பாக்கெட்டைத் திருப்பி ஊட்டச்சத்துப் பட்டியலைப் பாருங்கள். 'சர்க்கரை' வரியில் பூஜ்யம் இருக்கும்; அதற்கு மேலேயே 'கார்போஹைட்ரேட்' வரியில் 60, 70 கிராம் என்று இருக்கும். அந்த மாவும் வயிற்றுக்குள் போய் குளுக்கோஸாகத்தான் மாறும். நீரிழிவுக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டிய வரி அதுதான்.

'நோ ஆடட் சுகர்' இன்னும் குறுகியது: தயாரிப்பவர் சர்க்கரை சேர்க்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். ஆரஞ்சுச் சாற்றில் பழத்தின் சர்க்கரை அப்படியே இருக்கும்.

சுகர் ஃப்ரீ மிட்டாயில் இனிப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மால்டிட்டால், சார்பிட்டால் போன்றவற்றிலிருந்து. இவை சட்டப்படி சர்க்கரைக் கணக்கில் வராது. ஆனால் கலோரி உண்டு. சர்க்கரையில் கிராமுக்கு 4 என்றால் மால்டிட்டாலில் 2 சொச்சம். அளவுக்கு மீறினால் வயிற்றுப்போக்கும் வரலாம். அந்த எச்சரிக்கையும் பாக்கெட்டிலேயே இருக்கும், பொடி எழுத்தில்.