தண்ணீருக்கு இப்பால் நின்று

கொழும்பில் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றுக்கும் நமக்கும் நடுவில் எப்போதும் தண்ணீர் கிடக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து உள்ளே போனால் 1990 இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில - அத்திடிய சதுப்பு. பத்தரமுல்லைப் பக்கம் தலங்கம குளம். கொட்டாஞ்சேனைக்காரருக்குக் களனி கங்கை கடலில் விழும் முகத்துவாரமும் காக்கைதீவும். 2018 இல் ராம்சார் சாசனத்தின் கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதலில் ஏற்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்த ஈரநிலத்தில் நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகளின் மேல் முட்டையிட, ஆண் பறவை அடைகாக்கிறது. கிட்டப் போய்ப் படமெடுக்கிறேன் என்று சேற்றில் இறங்கினால் அந்தக் கூட்டுக்கு நாமே எமனாவோம். கரையில் நின்று கைத்தொலைபேசியை நீட்டினாலோ பறவை ஒரு புள்ளி. கரையை விட்டு அசையாமலே பறவையை அருகில் கொண்டுவரும் கருவிதான் இந்த ஊருக்குப் பொருந்தும். தரைத் தொலைநோக்கியான ஸ்பொட்டிங் ஸ்கோப்பின் பின்னால் ஒரு சிறிய கமராவைப் பொருத்துவது, பெரிய லென்ஸ் வாங்க வசதியில்லாதவரின் சமாளிப்பு அல்ல; கொழும்புக்கு அதுவே முறையான வழி என்பது என் துணிபு.

இந்த வழியைப் பிரபலமாக்கியவர் மலேசியப் பறவை ஆர்வலர் லோரன்ஸ் போ. 1999 இல் அவர் நிக்கோன் கூல்பிக்ஸ் 950 என்ற சிறு கமராவை ஸ்கோப்பின் கண்வில்லையோடு சேர்த்துப் பிடித்துப் படமெடுத்தார். 'டிஜிஸ்கோப்பிங்' என்ற பெயரைச் சூட்டியவர் பிரான்சைச் சேர்ந்த அலன் ஃபொஸே. சிறு கமரா ஏன் பொருந்தியது என்பதற்கு விடை ஸ்கோப்பிலேயே தெரியும். கண்வில்லையை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள்: நடுவில் சின்னதாய் ஓர் ஒளிவட்டம் மிதக்கும். முன் வில்லை 80 மில்லிமீற்றர், பெருக்கம் 20 மடங்கு என்றால் அந்த வட்டத்தின் அகலம் 4 மில்லிமீற்றர். ஸ்கோப் திரட்டிய ஒளி முழுவதும் அதற்குள் அடக்கம். சிறு கமராவின் லென்ஸ் திறப்பும் கிட்டத்தட்ட அதே அளவு. அதை வட்டத்தின் மேலேயே வைத்துவிடலாம். பெரிய கமராவின் லென்ஸில் ஒளி புகும் வாய் கண்ணாடிகளுக்கு வெகு உள்ளே இருப்பதால் ஓரங்கள் வெட்டுப்பட்டு, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரிப் படம் வரும். சிறு கமராவிலும் கறுப்பு வளையம் தெரிவதுண்டு. கமராவைக் கொஞ்சம் சூம் பண்ணினால் அது விலகிவிடும். பெருக்கத்தை 60 மடங்குக்கு ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். ஏற்றினால் வட்டம் 1.3 மில்லிமீற்றராகச் சுருங்கி, படம் இருண்டு, முக்காலியின் சிறு நடுக்கமும் பூகம்பமாகும். இருபதிலேயே நில்லுங்கள்: 80 மீற்றருக்கு அப்பால் உள்ள இலைக்கோழி 4 மீற்றரில் நிற்பதுபோலத் தெரியும். பொத்தானை விரலால் அழுத்தாமல் இரண்டு வினாடி டைமரில் விடுவது படத்தின் கூர்மையைக் காப்பாற்றும்.

இதெல்லாம் பழங்கதை, சூப்பர் சூம் கமரா வந்துவிட்டதே என்பார்கள். வலுவான ஆட்சேபம்தான். 2015 இல் வந்த நிக்கோன் பி900 கமராவை 2000 மில்லிமீற்றருக்கு நிகராக நீட்டலாம். 20 மடங்கு ஸ்கோப்பின் பின்னால் 100 மில்லிமீற்றருக்கு நிகரான கமராவை வைத்தால் கிடைப்பதும் அதே 2000. ஆனால் அந்த நீட்டத்தில் பி900 இன் வாய் சுமார் 55 மில்லிமீற்றர், ஸ்கோப்பின் வாய் 80. பரப்பில் இரு மடங்கு. மேகம் கவிந்த நவம்பர் விடியலில் அந்த வித்தியாசம் படத்தில் தெரியும். அதைவிடப் பெரிய காரணம், ஸ்கோப் முதலில் பார்ப்பதற்கான கருவி என்பது. தலங்கமக் கரையில் ஒருவர் நிறுத்திய ஸ்கோப்பில் பத்துப் பிள்ளைகள் வரிசையாகக் கண் வைக்கலாம். கமரா அந்தப் பார்வையின் கடைசியில் வருகிறது. கமரா இல்லாதவர் கைத்தொலைபேசியையே ஒரு பிடிப்பானால் கண்வில்லையில் மாட்டலாம். அதற்கும் இதே கணக்குத்தான்.

பறக்கும் பறவைக்கு இந்த வழி உதவாது என்ற குறையை மறுக்க முடியாது. வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று தூரத்தில் போகும் ஆலாக்களை ஸ்கோப்பில் கண்ணால் தொடரலாம். கமரா குறிவைப்பதற்குள் அவை போய்விடும். வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேல் காற்று நெளிந்து எந்தப் படத்தையும் கலக்கிவிடும், ஆகவே காலை ஒன்பதுக்குள் வேலையை முடிக்க வேண்டும். கடலோர ஈரத்தில் வில்லைக்குப் பூஞ்சணம் பிடிக்கும், சிலிக்கா ஜெல் இல்லாமல் பெட்டியை மூடக்கூடாது. தொடர்மாடிப் பல்கனியில் ஸ்கோப்பை நிறுத்துகிறவர் எதிர்வீட்டு யன்னலையும் நினைக்க வேண்டும். அயலவரின் சந்தேகம் நியாயமானது. கருவியை வாய்க்காலுக்கும் குளத்துக்கும் கொண்டுபோவதே மரியாதை.

சலனமற்று நிற்கும் பறவையிடம் இந்த முறைக்கு ஈடில்லை. கொழும்புக்கு வெளியேயும் அப்படித்தான்: மன்னார் வங்காலைச் சதுப்பு 2010 இல் ராம்சார் தலமானது. அங்கே குளிர்காலத்தில் உப்புக்கொத்திகள் சேற்றில் கூட்டமாக நிற்கும். சில இனங்களுக்கிடையே வித்தியாசம் முக்கியமாக அலகின் நீளத்திலும் காலின் நிறத்திலும்தான். கண்ணால் பார்த்தவர்களுக்குள் வாதம் ஓயாது. ஸ்கோப்பின் பின்னால் எடுத்த ஒரு சுமாரான படம், ஓரம் மங்கி நிறம் வெளிறியிருந்தாலும், அலகைத் தலையோடு வைத்து அளந்து பார்க்க விடும். வரவேற்பறைச் சுவரில் மாட்டும் அழகு அதில் இருக்காது. ஆனால் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் களப் பறவையியல் குழுவுக்கு, எந்த நாள், எந்தக் கரை என்று குறித்து அனுப்பினால், எந்த இனம் என்று கேட்டுத் தெளியலாம்.